சீ.ஆர். கொப்பிக்குள் 41 தபாலட்டைகள்

முதல் அட்டையைப் பழுதாக்கியது நான்தான். பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, கொப்பித் தாளோடு ஒட்டிக் கிடந்த அட்டையை அப்படியே உள்ளே இறக்கினேன். சிறுவயதில் முத்திரை சேர்த்த காலத்துப் பழக்கம் அது. கடித உறையின் மூலையை வெட்டித் தண்ணீரில் போட்டால் கால் மணி நேரத்தில் முத்திரை தானாகக் கழன்று மிதக்கும். அட்டையும் கழன்றது. மகிழ்ச்சியோடு எடுத்துத் திருப்பினேன். பின்பக்கத்தில் யாரோ ஊற்றுப்பேனாவால் எழுதியிருந்த நான்கு வரிகள் ஊதா மேகமாகப் பரவியிருந்தன. முன்பக்கத்தில் சுவிற்சர்லாந்து மலையின் பனி, பாலாடை போல என் பெருவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

மாமிக்கு அதைச் சொல்லவில்லை. மிச்சம் நாற்பதையும் ஒழுங்காகப் பிரித்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

கொப்பி மாமாவுடையது, அதாவது என் மனைவியின் தகப்பனாருடையது. எழுபதுகளில் கிழக்குக் கரையின் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் உணவு பரிமாறுபவராக வேலை செய்தவர். அவர் காலமாகி இரண்டு வருடங்கள் கழித்து, வாழைச்சேனை வீட்டு அலுமாரியை ஒதுக்கும்போது மாமி இதை எடுத்துத் தந்தார். "மனே, இதைப் பிரித்துத் தர முடியுமா? எரிக்கவும் மனமில்லை, வைக்கவும் இடமில்லை." சீ.ஆர். கொப்பி என்று நாங்கள் சொல்லும், தடித்த மட்டை போட்ட குறிப்புப் புத்தகம். பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ தபாலட்டைகள், கோதுமைமாப் பசையால் முழுப் பின்பக்கமும் பூசி ஒட்டியவை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போன வீட்டில் இந்தக் கொப்பி ஒரு இரவு முழுவதும் நனைந்திருக்கிறது. பிறகு மாமா அதை மூடியபடியே காயவைத்திருக்கிறார். அங்கேதான் வினை. எதிரெதிர்ப் பக்கத்து அட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டன. மொத்தத்தில் செங்கல் போல ஒரு கட்டு.

எண்ணிப் பார்த்தால் 41. அவற்றில் 15, விருந்தினராக வந்துபோன வெளிநாட்டவர் தங்கள் ஊருக்குத் திரும்பியபின் மாமாவுக்கு அனுப்பியவை. மிச்சம் 26 நம் நாட்டு விளம்பர அட்டைகள், முத்திரை ஒட்டாதவை. ஹோட்டல்காரர்கள் அறையின் மேசையில் கடிதத் தாளோடு இப்படி நாலைந்து அட்டைகளைச் சும்மா வைத்துவிடுவார்கள். விமான நிறுவனங்களும் கப்பல் நிறுவனங்களும் இதையே செய்தன. அட்டை இலவசம், முத்திரைச் செலவு விருந்தினருடையது. தன் காசில் ஹோட்டலின் விளம்பரத்தைத் தன் உறவினர் வீட்டு வாசல் வரை அவரே கொண்டுபோய்ச் சேர்க்கிறார். இதைவிட மலிவான விளம்பரத்தை இன்றைக்கும் யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

பழைய இலங்கைத் தபாலட்டைகளைத் தேடிப் போகிறவர்களுக்குக் கிழக்குக் கரை அதிகம் கிடைக்காது. கப்பல்கள் கொழும்பில் நின்றன. கோல் பேஸ் ஹோட்டல் 1864இலிருந்தும் கிராண்ட் ஓரியண்டல் 1875இலிருந்தும் அங்கே இருக்கின்றன. 1890இல் தொடங்கிய பிளாட்டே என்ற புகைப்பட நிறுவனத்தின் அட்டைகளும் துறைமுகம், கண்டி, பேராதனைப் பூங்கா, தேயிலைத் தோட்டம் என்று கப்பலில் வந்திறங்கிய பயணியின் வழியிலேயே போகின்றன. மட்டக்களப்புக்கு ரயில் வந்ததே 1928இல். உல்லாசப் பயணப் பணியகம் ஒன்றை அரசாங்கம் 1937இல் தொடங்கியது. பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்துவிட்டது. 1966இல் உல்லாசப் பயணச் சபை அமைந்த பின்னர்தான் பாசிக்குடாவின் ஆழமற்ற கடல் விளம்பரத்துக்குரிய சரக்காக மாறியது. ஆகவே மாமாவின் 26 அட்டைகளில் 11 பாசிக்குடா என்பது சேகரிப்பவர் கண்ணுக்குச் சின்ன விடயம் அல்ல.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதல் அட்டை ஏன் அப்படி ஆனது என்று விளங்கிக்கொள்ளாமல் இரண்டாவதைத் தொடக்கூடாது என்று முடிவெடுத்தேன். பளபளப்பான தபாலட்டையின் மேற்பரப்பு வெறும் கடதாசி அல்ல. வெண்களிமண்ணை ஒரு பிணைப்புப் பசையில் குழைத்து மெல்லிய பூச்சாகப் பூசி, அதன்மேல் அச்சடிக்கிறார்கள். தண்ணீரில் அந்தப் பூச்சு இளகும். இளகிய நிலையில் எதைத் தொட்டாலும் அதோடு போய்விடும், காய்ந்தால் அதோடேயே இறுகிவிடும். சூறாவளி இரவில் நடந்தது அதுதான், என் பேசினில் நடந்ததும் அதுதான். மையும் அப்படியே. ஊற்றுப்பேனா மைகளில் பெரும்பாலானவை தண்ணீரில் ஓடும். பென்சிலும் போல்பொயின்ட் பேனாவும் தண்ணீருக்கு அசையாது, ஆனால் போல்பொயின்ட் மை மதுசாரம் பட்டால் கரையும். இப்போது ஒவ்வொரு அட்டையிலும் எழுத்தின் ஓரத்தில் ஒரு புள்ளியை ஈரப் பஞ்சால் தொட்டு, ஒற்றுத்தாளை அழுத்திப் பார்க்கிறேன். ஒற்றுத்தாளில் நிறம் ஏறினால் அந்த அட்டைக்குத் தண்ணீர் இல்லை.

இன்னொரு பாடம், அட்டையில் கை வைக்கும் முன்னர் தெரிகிற பக்கத்தைப் படம் எடுத்துவிடுவது. நேராக ஒரு படம், டோர்ச் லைட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம். சாய்ந்த வெளிச்சத்தில் பென்சில் அழுத்திய தடங்கள் வயல் வரம்பு போல எழுந்து தெரியும். சுவிற்சர்லாந்து அட்டையின் தாள் ஒரு மூலையில் முன்பே விட்டுப்போய், எழுத்தில் பாதி தெரியும்படி இருந்தது. நான் அதை வாசிக்கவும் இல்லை, படம் எடுக்கவும் இல்லை.

பூச்சி இருந்தது. வெள்ளிப்பூச்சிக்கு மாப்பசை என்றால் கல்யாணச் சோறு. கொப்பியை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் காற்றுப் போகாமல் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வைத்தேன். பாரை மீனுக்குப் பக்கத்தில் பசுமாட்டுப் படமா என்று வீட்டில் கேட்டார்கள். வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்கக்கூடாது. திறந்தால் குளிர்ந்த அட்டைமீது வியர்வை போல நீர் படியும். பிறகு பூஞ்சணம். அது காய்ந்து தூளான பின்னரே மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும், முற்றத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தாளுக்குள்ளேயே தேய்த்து ஏற்றிவிடுவோம்.

பிரிக்கும் வேலைக்குத் தண்ணீரை ஊற்றக்கூடாது, ஈரக் காற்றைக் கொடுக்க வேண்டும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அடியில் நனைத்துப் பிழிந்த துவாய், அதற்கு மேலே குளிர்சாதனப் பெட்டியின் பழைய கம்பித் தட்டு, தட்டின் மேல் கொப்பியிலிருந்து வெட்டியெடுத்த பக்கம். மூடியின் உட்புறத்தில் காய்ந்த துணி ஒன்றைக் கட்டினேன். இல்லாவிட்டால் ஆவி துளியாகி அட்டைமேல் விழும். மூன்று, நான்கு மணி நேரத்தில் தாள் வெற்றிலை வாடியது போலத் துவளும். அந்த நேரத்தில் மாப்பசையும் ஊறி இளகியிருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பேன். மறந்துவிட்டு இரண்டு நாள் போனால் பூஞ்சணம் புதிதாகப் பிறக்கும்.

பிரிக்கும் கருவி ஈர்க்கு. கடையில் விற்கும் வெட்டுக்கத்தி எதுவும் இதற்குச் சரிவரவில்லை. கூர்மையாக இருந்ததால் அட்டைக்குள்ளேயே புகுந்தது. தென்னோலை ஈர்க்கின் அடிப்பக்கத்தை எடுத்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டித் தட்டையாக்கினால் நாக்குப் போல வளைந்து கொடுக்கும், வெட்டாது. அதை மூலையில் நுழைத்து, அட்டையை மேசையில் படுத்தபடி வைத்துக்கொண்டு, கொப்பித் தாளைத்தான் பின்னால் மடித்து உரிக்க வேண்டும். அட்டையைத் தூக்கி இழுத்தால் அட்டை வளைந்து பூச்சு வெடிக்கும். தாள் கிழிந்தால் கிழியட்டும்.

தாள் நன்றாகவே கிழிந்தது. பழுப்பேறிய, கரடுமுரடான தாள். அடுத்த தடவை வாழைச்சேனைக்குப் போனபோது மாமியிடம் ஒரு துண்டைக் காட்டினேன். விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது நம்முடைய ஆலைக் கடதாசி, வைக்கோல்" என்றார். வாழைச்சேனைக் கடதாசித் தொழிற்சாலை 1956இல் உற்பத்தியைத் தொடங்கியபோது அதன் மூலப்பொருள் சுற்றுவட்டார வயல்களின் வைக்கோல்தான். வைக்கோல் நார் குட்டையானது, ஈரத்தில் பிடிமானம் குறைவு. மாமி சொன்னது சரியோ பிழையோ, அந்தத் தாள் அட்டையை விட்டுக் கூழாக வந்தது எனக்கு உதவியாகவே இருந்தது.

பின்பக்கத்தில் மிச்சமிருக்கும் பசையை ஈரப் பஞ்சால் ஊறவைத்து, கரண்டிக் காம்பால் மெதுவாக வழித்தெடுப்பேன். பிறகு காயவைப்பது. இங்கேயும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஜூலை மாதம், சூடான வறண்ட கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. இதைவிட நன்றாக எங்கே காயப்போகிறது என்று நினைத்து நான்கு அட்டைகளை விறாந்தையில் விரித்தேன். இருபது நிமிடத்தில் நான்கும் பொரித்த அப்பளம் போலச் சுருண்டிருந்தன. ஒரு பக்கம் பூச்சு, மறுபக்கம் வெறும் கடதாசி. இரண்டும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை. திரும்பவும் ஈரப் பெட்டிக்குள் வைத்து இளக்கி எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது பளபளப்புப் பக்கத்துக்கு கேக் தட்டில் விரிக்கும் ஒயில் பேப்பர், பின்பக்கத்துக்கு ஒற்றுத்தாள், மேலே ஒரு தரை ஓடு, அதற்கு மேலே துணி சுற்றிய இரண்டு செங்கற்கள். ஒற்றுத்தாளைக் கால் மணியில் ஒரு தடவை, ஒரு மணியில் ஒரு தடவை, இரவு படுக்குமுன் ஒரு தடவை மாற்றி, மூன்று நாள் அசையாமல் விடுகிறேன்.

கிழிந்த மூலைகளுக்குத் தேயிலைப் பையின் தாள். சிரிக்க வேண்டாம். பழைய தாள்களைத் திருத்துகிறவர்கள் யப்பானிய மெல்லிய தாளைப் பயன்படுத்துவார்கள். அது எனக்குக் கிடைக்காது. தேயிலைப் பைத் தாள் மணிலா நார் கலந்தது, நீண்ட நார், கொதிநீரிலேயே கிழியாதது. ஓரத்தைச் சூட்டால் ஒட்டிய பைகளில் பிளாஸ்டிக் நாரும் இருக்கும், அதை விடுங்கள். மடித்துக் கம்பி அடித்த பைதான் சரி. கொட்டிக் கழுவிக் காயவைத்து, விளிம்பை வெட்டாமல் கையால் பிய்த்து, கோதுமை மாச்சத்துப் பசையில் ஒட்டினால் இணைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. செலோடேப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒட்டாதீர்கள். மாமா இரண்டு அட்டைகளில் ஒட்டியிருந்தார். நாடா எப்போதோ உதிர்ந்துவிட்டது, அதன் பசை மட்டும் தாளுக்குள் இறங்கித் தேன் நிறத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

பிரிந்த அட்டைகளை வரிசைப்படுத்தும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மணிக்கூடு திருத்துபவர்கள் கண்ணில் செருகும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். அதற்குக் கீழே பெரும்பாலான அட்டைகள் நான்கு நிறப் புள்ளிகளாக உடைந்துவிடும். ஓப்செட் அச்சு. பழைய கொழும்புத் துறைமுக அட்டை ஒன்றில் புள்ளியே இல்லை, புழுவோடியது போன்ற நுண்ணிய நெளிவுகள்தான் இருந்தன. அது கொலோடைப், ஜெலற்றின் பூசிய கண்ணாடித் தட்டிலிருந்து அடித்தது. மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்து அட்டையில் புள்ளியும் இல்லை, நெளிவும் இல்லை. ஓரங்களில் மட்டும் வெள்ளிப் பூச்சு மின்னியது. அது ஒளிப்படத் தாளிலேயே கழுவி எடுத்த உண்மையான புகைப்படம். மின்னுவது படத்தின் வெள்ளி மேலே வந்ததால். 1924இல் திறந்து, அன்றைய ஆளுநரின் மனைவி மானிங் சீமாட்டியின் பெயர் வைத்த அந்தப் பாலத்தில் ஒரே ஒரு மாட்டு வண்டி. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்த பிறகு நாங்கள் பழையதில் மாலையில் நடக்கப் போகிறோம். வண்டிக்காரனுக்குக் கிடைத்த நிழல்கூட எங்களுக்கு இல்லை.

காலத்தைக் கணிக்க இன்னும் சில பிடிகள் உண்டு. படத்தின் கீழ் 'சிலோன்' என்றிருந்தால், நாட்டின் பெயர் மாறிய 1972 மே 22க்கு முன்னர் அச்சானதாகப் பெரும்பாலும் இருக்கும். ஆனால் அச்சான நாளும் பயன்பட்ட நாளும் ஒன்றல்ல, கையிருப்பு தீரும்வரை விற்றிருப்பார்கள். மாமாவிடம் இருந்த ஒன்றில் யாரோ 'சிலோன்' என்பதைப் பேனாவால் வெட்டி மேலே 'ஸ்ரீ லங்கா' என்று எழுதியிருக்கிறார்கள். பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் முகவரி என்று பிரித்திருந்தால் அது 1902க்குப் பிந்தியது; பிரித்தானியா அந்த வருடம்தான் அதை அனுமதித்தது. மேற்கு ஜேர்மனி அட்டையில் ஊர்ப் பெயருக்கு முன்னால் நான்கு இலக்கக் குறியீடு இருந்தால் 1961க்கும் 1993க்கும் இடைப்பட்டது. நீலமாக வெளுத்துப்போன அட்டை என்றால், வரவேற்பு மேசைக்குப் பக்கத்துச் சுழல் தட்டில் நின்று வெயில் குடித்தது என்று அர்த்தம். மஞ்சளும் சிவப்பும் முதலில் போகும், நீலம் நிற்கும்.

நிறம் என்றதும் அயர்லாந்து அட்டை நினைவுக்கு வருகிறது. ஜோன் ஹைன்ட் என்பவரின் நிறுவனம் அடித்தது. அவர்களுடைய படங்களில் வானம் மந்தமாக இருந்தால் நிறம் பிரிக்கும்போது நீலமாக்கிவிடுவார்கள், அந்த வேலை இத்தாலியின் மிலானில் நடந்தது. முன்னால் வெறுமையாக இருந்தால் ஒரு பூங்கொத்துக் கிளையைக் கொண்டுவந்து நட்டுவிடுவார்கள். அதைப் படித்த பிறகு நம் பாசிக்குடா அட்டைகளை லென்ஸில் மீண்டும் பார்த்தேன். கடலின் நீலம் ஓர் இடத்தில் தென்னை மட்டையின் விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது. எங்கள் கடலுக்கும் யாரோ ஒரு கரண்டி நீலம் அள்ளி ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் கடலுக்கு அது தேவையே இல்லை என்பது அங்கே காலை ஏழு மணிக்குப் போனவர்களுக்குத் தெரியும். மற்றொரு விடயம், பதினொரு பாசிக்குடா அட்டைகளிலும் எங்கள் ஊர் ஆள் ஒருவர்கூட இல்லை. ஒன்றில் மட்டும் தட்டு ஏந்திய கை ஒன்று படத்தின் ஓரத்தில் முழங்கைக்கு மேல் அறுந்து நிற்கிறது. மாமாவினுடையதா என்று மாமியைக் கேட்டேன். "அவர் மணிக்கூடு கட்டாமல் இருந்ததில்லை" என்றார். கையில் மணிக்கூடு இல்லை.

அந்த அட்டைகளின் முதுகில்தான் ஊர் இருந்தது. பசையை வழித்தெடுக்கும்போது பென்சில் எழுத்து வெளியே வந்தது. "அறை 6, பிளேன் ரீ 2, அவித்த முட்டை 1." அடுத்ததில், "அறை 11, மீன் வேண்டாம்." இன்னொன்றில் கூட்டல் கணக்கு, கீழே 3.50, அதற்குக் கீழே இரண்டு கோடு. குறிப்புக் கொப்பி கையில் இல்லாத நேரத்தில் விளம்பர அட்டையை எடுத்து எழுதியிருக்கிறார். பதினொன்றில் ஏழில் இப்படி. கொழும்பில் சேகரிப்பில் பழம் தின்று கொட்டை போட்ட நண்பர் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். பென்சில்தானே, மெல்லிய அழிறப்பரால் எடுத்துவிடலாம், எழுதாத அட்டைக்கு விலை கூட என்றார். விலையைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மைதான். அழிறப்பரைக் கையில் எடுத்து 'முட்டை 1' மேல் வைத்தும் விட்டேன். பிறகு அதைச் சுவிற்சர்லாந்து அட்டையோடு ஒரே உறையில் போட்டு மூடிவைத்தேன்.

முகத்தோடு முகம் ஒட்டிய ஜோடிகள்தான் மிகவும் சிரமம். ஈரப் பெட்டியில் வைத்து இளகியபின், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து மரம் அறுப்பது போல நடுவே அறுத்தேன். மூன்று ஜோடி நன்றாகப் பிரிந்தது. ஐந்து ஜோடியில் நூல் போனால் பூச்சும் போகும் என்று தெரிந்தது, நிறுத்திவிட்டேன். பத்து அட்டைகள் இன்னும் ஐந்தாகவே இருக்கின்றன.

பாதுகாப்பு உறை வாங்கும்போது கவனம். கடையில் கிடைக்கும் பல உறைகள் பீ.வீ.சீ. பிளாஸ்டிக்கில் செய்தவை. மணமே காட்டிக்கொடுக்கும். காலப்போக்கில் அதிலிருந்து கசியும் எண்ணெய் அச்சையும் தூக்கிவிடும். சந்தேகம் என்றால் ஒரு சோதனை உண்டு. மின்கம்பியின் செம்பைக் குறட்டால் பிடித்து, நெருப்பில் நிறமில்லாமல் எரியும்வரை சுட்டு, அந்தச் சூட்டோடு உறையின் மூலையைத் தொட்டுவிட்டுத் திரும்ப நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது, வேண்டாம். முற்றத்தில் நின்று செய்யுங்கள், புகை நல்லதல்ல. நான் வாங்கிய மூன்று வகையில் இரண்டு பச்சையாக எரிந்தன. மூன்றாவது பொலிப்புரோப்பிலீன், அதையே வைத்துக்கொண்டேன்.

மாரி காலத்தில் என் ஈரமானி எண்பது வீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை. எழுபதைத் தாண்டினாலே பூஞ்சணத்துக்கு வசதி. சாப்பாட்டு மேசையில் உப்பு தண்ணீராகும் மாதங்கள் அவை. அதனால் இறுக்கமாக மூடும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடுகிறேன். வறுத்த அரிசி வைக்கச் சொன்னார்கள் வீட்டில். வெள்ளிப்பூச்சிக்கு இரண்டாவது பந்தியும் வைக்க நான் தயாரில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மாமியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் அடுக்கினார். பின்பக்கத்துப் பென்சில் எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே எண்ணினார். "முப்பது. ஒட்டினது ஐந்து ஜோடி, பத்து. நாற்பது. ஒன்று எங்கே மனே?"

சட்டைப் பையிலிருந்து சுவிற்சர்லாந்தை எடுத்துக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். எழுதியிருந்ததை வாசிக்காமலே கரைத்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். மாமி ஊதா மேகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அறை ஆறில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளை அனுப்பியது இது. அவர் எனக்கு வாசித்துக் காட்டினார்" என்றார். "அங்கே குளிராம். வேறு என்ன எழுதப்போகிறாள்."